தவக்களைக் காரும் ரெண்டு ஏக்கரா மஞ்சளும்

எங்கள் பக்கத்தில் எந்த வண்டி புதிதாக வந்து நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: எத்தனை டன் ஏத்தும்? மற்றதெல்லாம் அப்புறம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றிலிருந்து அந்தக் காரை லாரி முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து அவர் இறக்கிய அன்றும் பட்டறையில் அத்தனை பேரும் அதையேதான் கேட்டார்கள். "ரெண்டு ஆளை ஏத்தும்" என்றார் இவர். அன்றைக்கு எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனதாம்.

எழுபதுகளின் கடைசி அது. அந்த எஸ்டேட் கைமாறியிருந்தது. எஸ்டேட் லாரிக்கு அளவெடுக்கப் போன என் வீட்டுக்காரர், காப்பிக் கொட்டகையின் மூலையில் சாக்குகளுக்கு அடியில் கிடந்த காரைப் பார்த்திருக்கிறார். கொட்டகை காலியானால் போதும், எடுத்துப் போங்கள் என்று புது முதலாளி சொல்லிவிட்டார். ஐம்பதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் செய்த பந்தயக் கார். பழைய துரை கப்பலில் கொண்டுவந்து, கொண்டை ஊசி வளைவுகளில் அதை விரட்டிக்கொண்டு சேலத்துக்கு இறங்குவாராம்.

அதைப் போல ஒரு வண்டியை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. முன்பக்கம் முழுவதும், மட்கார்டும் லைட்டும் சேர்ந்து, ஒரே மூடியாகத் தூக்கிக்கொள்ளும். அந்த மூடிக்கு மேல் லைட் இரண்டும் முழித்துக்கொண்டு நிற்கும். கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். டிக்கிக்கும் மூடி கிடையாது. சீட்டுக்குப் பின்னால் தலையை நுழைத்துத்தான் சாமான் வைக்க வேண்டும். பார்த்தவுடன் எல்லாரும் அதைத் தவக்களைக் கார் என்றார்கள். இங்கிலாந்திலும் அதற்குத் தவளைப் பெயர்தான் என்று பல வருடம் கழித்துத் தெரிந்தது. கண் எங்கும் கண்தானே!

பட்டறையில் எல்லாரும் சிரித்தபோது என் வீட்டுக்காரர் மட்டும் அந்த முன்மூடியின் வளைவைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். தகரத்தை அப்படி வளைக்க இந்த ஜில்லாவில் ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இதை ஓட வைக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். சேலத்தில் பழைய இங்கிலீஷ் கார்களைப் பிரிக்கிறவர்களிடம் அலைந்து சாமான் சேர்த்தார். ஆறு மாதம் கழித்து எஞ்சின் பிடித்துக்கொண்டது. அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். முதல் தடவை கேட்டபோதே எனக்கு அது பிடித்துவிட்டது.

லாரிப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்கை நம்பவே மாட்டார்கள். புது லாரி வந்து நின்றதும் ஸ்பிரிங் கட்டில் கூடுதலாக ரெண்டு பட்டை சேர்த்து இறுக்குவார்கள். அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு அது வண்டி. என் வீட்டுக்காரரும் யாரையும் கேட்காமல் அந்தக் காருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பட்டை சேர்த்துவிட்டார். முன்னால் சுருள் ஸ்பிரிங்குக்கு அடியிலும் இரும்பு வளையம் கொடுத்துத் தூக்கினார். தரையோடு தரையாக ஓட வேண்டிய கார், சேறு தாண்டுகிறவள் சேலையைத் தூக்கிப் பிடித்த மாதிரி நின்றது. பட்டறைப் பெயிண்டர் சும்மா இருப்பாரா? கரும்பச்சை அடித்து முடித்த கையோடு, லாரிக்கு எழுதுகிற பழக்கத்தில், கதவில் மஞ்சள் எழுத்தில் காலி எடையை எழுதினார். அதற்குக் கீழே "லோடு" என்று எழுதி, எவ்வளவு என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

வண்டி தயார். ஓட்டத்தான் ஆள் இல்லை. அசாம் வரைக்கும் லோடு அடித்துவிட்டு வருகிற டிரைவர்கள் அதில் உட்கார்ந்ததும் முகம் வெளிறிப்போய் இறங்கினார்கள். "காதுகிட்ட லாரி டயரு சுத்துதுங்க, கண்ணுல பாக்க முடியல" என்றார் ஒருவர். உயரத்திலிருந்து ரோட்டைப் பார்த்தே பழகியவர்கள் அவர்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. லாரியில் நான் ஏறியதே கிடையாது. என் உயரத்துக்கும் அந்த சீட்டுக்கும் அளவெடுத்தாற்போல் இருந்தது. கிளட்சும் கியரும் மூன்று நாளில் வந்துவிட்டன. நான்காம் நாள், பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கைத் தேடிக் காலால் தரையை மிதித்துக்கொண்டே இருந்த என் வீட்டுக்காரரை இறக்கிவிட்டேன். வண்டி நன்றாகவே ஓடியது.

ஆசைக்காக மட்டும் நான் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. நான் நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் வீடோ புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், தோட்டத்தில். இவர் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் பட்டறைக்குப் போய்விடுவார். தோட்டத்துக்குத் திரும்புகிற எங்கள் பிரிவில் பாதி நாள் பஸ் நிற்காது. நின்றால் படியிலும் இடம் இருக்காது. மூன்று நாள் தாமதமானால் அரை நாள் லீவு போய்விடும். மாமனார் ஒவ்வொரு மாதமும் சொல்வார்: "என்னத்துக்கு அம்மிணி இந்தப் பாடு? வேலைய உட்டுப்போட்டு ஊட்டுல இரு சாமி." அன்பாகத்தான் சொல்வார். அதனால்தான் எனக்கு எரிச்சல் அதிகமாக வந்தது. அந்தக் கார் இருந்தால் என் வேலை இருக்கும், இல்லாவிட்டால் இந்த வருடமோ அடுத்த வருடமோ அது போய்விடும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

லைசென்ஸுக்குப் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் நல்ல ஆகிருதியான மனிதர். கதவுக்குக் கைப்பிடியைத் தேடி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "உள்ளே கையை விடுங்க சார்" என்றேன். கஷ்டப்பட்டு உட்கார்ந்தார். மைதானத்தில் எட்டுப் போட்டேன், பின்னால் எடுத்தேன், கை சிக்னல் எல்லாம் காட்டினேன். எல்லாம் சரி. ரோட்டுக்கு வந்ததும்தான் வினை. சின்னப் பள்ளம்தான். டன் கணக்கில் பாரம் ஏற்றினால் மட்டுமே வளைகிற அந்தப் பட்டைகள் எங்கள் இருவரின் எடைக்கு வளையுமா? வண்டி துள்ளியது. இன்ஸ்பெக்டர் சீட்டை விட்டு எழும்பினார்; அவர் கண்ணாடி மூக்கிலிருந்து கழன்று ரோட்டில் விழுந்தது. அவர் கோபப்படாமல் இறங்கிப் போய் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க நல்லாத்தான் ஓட்டறீங்கம்மா. வண்டிதான் குதிக்குது. இதுல உங்களுக்கு லைசென்ஸ் குடுத்தா நாளைக்கு யாராச்சும் வெளிய போய் விழுவாங்க. சரி பண்ணி எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாகக் கேட்டேன்.

"ஏனுங்க, அந்தப் பட்டையக் கழட்டிப்போடுங்க."

"எங்க பட்டறைல ஏத்துன பட்டைய இதுவரைக்கும் எவனும் கழட்டச் சொன்னதில்ல."

"அவிங்க எல்லாம் லோடு ஏத்தறவிங்க. நான் ஆளுதான ஏத்தறேன்?"

"ஆபீசருக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?"

"உங்களுக்குத்தான் என்ன தெரியும்? லாரி தெரியும். இது லாரியா?"

கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு வாய் நீளம். அவருக்கு ரோஷம் நீளம். அதன்பின் நான்கு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்த நான்கு நாளுக்குள் கிணற்று மோட்டார் புகைந்துவிட்டது. அப்போதெல்லாம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கரண்ட் வந்தால் பெரிது. அதுவும் சோகையாக வரும். கிணற்றில் எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் இருந்தது. எடுத்துப் பாய்ச்சத்தான் வழி இல்லை. எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடையில் சுற்று வட்டாரத்து மோட்டார்கள் எல்லாம் வரிசையில் கிடந்தன. மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ரெண்டு ஏக்கரா மஞ்சள், கிழங்கு பிடிக்கிற நேரம். மாமனார் காலையில் மஞ்சள் காட்டுக்குள் போய், சுருண்ட இலையைக் கையால் நீவி நீவி விட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அன்று சோற்றில் கை வைத்துக்கொண்டே மகனிடம் கேட்டார். "அந்தத் தவக்களக் காருல நல்ல எஞ்சின் இருக்குதல்ல? லோடு ஏத்தாத வண்டிக்கு எஞ்சின் எதுக்கு? கழட்டிக் கெணத்து மேட்டுல உட்டா என்ன?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எடுத்துக்கலாமுங்கப்பா. ஞாயித்துக்கெழம ஆளக் கூட்டிக்கிட்டு வாரேன்."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. ஆறு மாதம் உயிரைக் கொடுத்து ஓட வைத்தவர், என்மேல் உள்ள கோபத்தில் ஒரே வார்த்தையில் கொடுத்துவிட்டார். கழற்றிய எஞ்சின் மறுபடி வண்டியில் ஏறாது. கிணற்று மேட்டில் போனது கிணற்று மேட்டிலேயே கிடக்கும். முன்மூடி கோழிக் கூண்டுக்குப் போகும். எனக்குப் பழைய பஸ்ஸே கதி. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? காய்ந்துகொண்டிருப்பது மஞ்சள். என் வேலைக்காக அது காயட்டும் என்று சொல்லிவிட்டு அந்த வீட்டில் நான் எப்படிச் சாப்பிடுவேன்?

இரண்டு நாள் அதையே யோசித்தேன். வழி பட்டறையிலேயே இருந்தது. கரண்ட் போகிற நாளில் சாணைக் கல்லை ஓட்ட அங்கே ஒரு வேலை செய்வார்கள். ஓரமாக நிற்கும் பழைய வேனின் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, அதில் பெல்ட் மாட்டிக் கல்லைச் சுற்ற வைப்பார்கள். வேனிலிருந்து எஞ்சினை யாரும் கழற்றியதில்லை. சாணைக் கல் சுற்றுமானால் பம்ப் சுற்றாதா? பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் இது தோன்றியது. எட்டாம் வகுப்புக்கு வட்டத்தின் சுற்றளவு நடத்திக்கொண்டிருந்தேன். அன்று பாதிக் கணக்கு அந்தப் பிள்ளைகளுக்கு, மீதிக் கணக்கு எனக்கு. ஒரு சக்கரத்தைத் தரையில் நிறுத்தினால் தூக்கிய சக்கரம் இரட்டை வேகத்தில் சுற்றும். பெல்ட் மாட்டும் உருளை இத்தனை அங்குலம், பம்ப் உருளை இத்தனை அங்குலம் என்று போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, எஞ்சினைத் தூக்கி இறக்கச் செயின் கப்பியோடு ஆள் வருவதாக ஏற்பாடு. ஏழு மணிக்கு நான் காரைக் கிளப்பினேன். களத்திலிருந்து கிணறு இரண்டு காடு தள்ளி. வண்டித் தடம் மாட்டுக் கொட்டகையோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் கடலை பிடுங்கிய காடு, நடுவில் மூன்று வரப்பு, ஒரு வாய்க்கால். துரை ஓட்டிய உயரத்தில் இருந்திருந்தால் கார் முதல் வரப்பிலேயே வயிற்றை ஊன்றி நின்றிருக்கும். நானும் என் கணக்கும் அதோடு போயிருப்போம். அது துள்ளித் துள்ளி மூன்று வரப்பையும் தாண்டியது. வாய்க்காலில் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறியது. யார் பட்டை ஏற்றினாரோ அவருக்கு மனத்துக்குள் ஒரு நன்றி சொன்னேன். வெளியே சொல்கிற நிலைமையில் நான் இல்லை.

சத்தம் கேட்டு மாமனார் துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார். "அம்மிணி, காட்டுக்குள்ள எங்க போற? நில்லு சாமி!" பின்னாலேயே என் வீட்டுக்காரரும் வந்தார். கிணற்று மேட்டில், பம்புக்கு நேராக வண்டியின் பின்பக்கத்தைத் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கினேன்.

"எஞ்சின்தான மாமா வேணும்? கெணத்துக்கே கொண்டாந்துட்டேன். கழட்டாமத் தண்ணி வந்தா வண்டி எனக்கு. வராட்டி நானே ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறேனுங்க" என்றேன். காகிதத்தில் போட்டு வைத்திருந்த கணக்கை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். நான்கு நாளுக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

அவர் காகிதத்தைப் படித்தார். பம்பைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். தொழில் தெரிந்தவர் முன்னால் ஒரு வேலையை வைத்துவிட்டால் அப்புறம் அவருக்குக் கோபம் நினைவிருக்காது. "இந்த உருளைக்கு எங்க போறது?" என்று தனக்குத்தானே முனகினார். உடனே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். திரும்பி வரும்போது லாரியின் பழைய பிரேக் டிரம் ஒன்றைக் கொண்டுவந்தார். கார்ச் சக்கரத்தின் நான்கு போல்ட்டுக்கு ஏற்றபடி அதில் ஓட்டை போட்டிருந்தார். வலது பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கழற்றி அந்த இடத்தில் டிரம்மை மாட்டினார். இடது சக்கரத்துக்கும் முன்சக்கரங்களுக்கும் கல் கொடுத்தார். செயின் கப்பியோடு வந்த ஆட்களும் கப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்கள்.

"மூணாவது கியர்ல போடு" என்றார். போட்டேன். மெதுவாகக் கிளட்சை விட்டேன். டிரம் சுற்றியது, பெல்ட் மட்கார்டை உரசிக்கொண்டு ஓடியது, பம்ப் முனகியது. குழாய் வாயில் முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் ஒரு விக்கல். அப்புறம் வந்தது பாருங்கள் தண்ணீர், தொட்டியின் எதிர்ச் சுவரில் போய் அடித்தது! நான் சீட்டில் உட்கார்ந்தபடியே கத்திவிட்டேன்.  மாமனார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போய்விட்டார்.

கால் மணி நேரத்தில் எஞ்சின் கொதித்தது. ஓடாமல் நிற்கும் வண்டிக்குக் காற்று ஏது? அதற்கும் இவரே வழி கண்டார். குழாயிலிருந்து சின்ன ரப்பர் டியூப் இழுத்து, முன்மூடியைத் திறந்துவைத்து, ரேடியேட்டர் மேல் தண்ணீர் வழிய விட்டார். அதன்பின் மூன்று வாரமும் அது ஒரு குறையும் வைக்கவில்லை. தினமும் காலையில் பள்ளிக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம். ஆக்சிலேட்டரை யாராவது மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது நான்தான். பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பரை ஸ்டியரிங்கில் வைத்துத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மஞ்சள் காட்டுக்குள்ளிருந்து மாமனாரின் குரல் வரும். "அம்மிணி, கொஞ்சம் ஏத்து!" காலை அழுத்துவேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இங்கிலீஷ் பந்தயக் காரில், ஒரு அடி நகராமல், அவ்வளவு சந்தோஷம்.

மோட்டார் காயில் கட்டி வந்த அன்று என் வீட்டுக்காரர் யாரும் கேட்காமலே காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். கூடுதல் பட்டைகளை எல்லாம் கழற்றினார். வெளியே வந்து கை துடைக்கும்போது, "லாரி வேற, இது வேறதான்" என்றார். நானும், "பட்டை இல்லாட்டி வரப்பத் தாண்டியிருக்காதுங்க" என்றேன். அதோடு எங்கள் சண்டை முடிந்தது. அடுத்த மாதம் அதே இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஏறினார். இறங்கும்போது அது அவர் மூக்கில் இருந்தது. லைசென்ஸ் கைக்கு வந்தது.

மஞ்சள் வெட்டிய பிறகு பெயிண்டர் ஒரு வேலையாகத் தோட்டத்துக்கு வந்திருந்தார். கதவில் விட்டுப்போன இடத்தைப் பார்த்துவிட்டு, "லோடு எவ்வளவுன்னு இப்பவாச்சும் சொல்லுங்க" என்று கேலி செய்தார். மாமனார் யோசிக்கவே இல்லை. "ரெண்டு ஏக்கரான்னு எழுது" என்றார். பெயிண்டரும் அப்படியே எழுதிவிட்டார். அந்தக் கதவோடு நான் வருடக்கணக்கில் நாமக்கல்லுக்குப் போய் வந்தேன். பஸ் எங்கள் பிரிவில் நின்றதா, நிற்கவில்லையா என்பதை அதற்கப்புறம் நான் கவனித்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார்களைச் சேர்க்கிறவர். முன்மூடியைத் தூக்கினார், அடியில் குனிந்து பார்த்தார், வலது மட்கார்டில் பெல்ட் உரசிய தழும்பைத் தடவி, "இது என்ன ஆக்சிடென்ட்?" என்று கேட்டார். கதவில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு, "இதையெல்லாம் அழிச்சிடலாம். புதுசு மாதிரி பண்ணி ஷோவுல நிறுத்தறேன். இந்த மாதிரி வண்டி தோட்டத்துல கிடக்கக் கூடாதுங்க. நீங்க கேக்கறதக் குடுக்கறேன்" என்றார்.

என் வீட்டுக்காரரிடம்தான் கேட்டார். வீட்டில் பெரியவர் இருக்கும்போது பதில் சொல்லிப் பழக்கமில்லாத இவர், தன் அப்பாவைப் பார்த்தார். நான் காப்பி டம்ளரோடு நின்றிருந்தேன். லோடு ஏத்தாத வண்டிக்கு எஞ்சின் எதுக்கு என்று கேட்டவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் மகனைத்தான் முறைத்தார். "என்னை எதுக்குடா பாக்கற? வண்டி அம்மிணியோடது. அதுகிட்டக் கேளுங்க" என்றார், பெங்களூர்க்காரர் பக்கம் திரும்பி.

 டம்ளரை வந்தவர் கையில் கொடுத்தேன்.

"நாளைக்குத் திங்கக்கெழமைங்க. எட்டரைக்கு எனக்குப் பள்ளிக்கூடம் இருக்குது. காப்பியக் குடிங்க" என்றேன்.